முத்துநகரின் கடற்கரைச் சாலை

நுழையும்முன்

ஒவ்வொரு நகரத்திலும் கூட்டத்தைத் தன்பால் இழுக்கும் ஓரிடம் உண்டு. சென்னையில் ஆட்டம் நடைபெறும் நாள்களில் சேப்பாக்கம் விளையாட்டரங்கும் அதனைச் சூழ்ந்த திருவல்லிக்கேணித் தெருக்களும் களைகட்டுகின்றன. மதுரையில் கோயிலைச் சுற்றிய வீதிகள் உறங்குவதே இல்லை. தூத்துக்குடியில் அந்த இடத்தைப் பெற்றிருப்பவை பழைய துறைமுகமும் அதனை ஒட்டிய கடற்கரைச் சாலையும் ஆகும். பெருங்கப்பல்கள் அப்பகுதியைவிட்டு விலகிச் சென்று அரை நூற்றாண்டு ஆகிறது. முத்துக்குளிப்பு அதற்கு முன்பே முடிந்துபோயிற்று. ஆயினும் அத்தெருக்கள் ஓயவில்லை. அதற்கான காரணத்தை அத்தெருக்களின் வழியாகவே நடந்து காண முயல்கிறது இப்பாடம்.

தோணித்துறை

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் முத்துநகர் விரைவுவண்டி காலையில் தூத்துக்குடியை அடைகிறது. நிலையத்தைவிட்டு வெளியே வரும் பயணி கிழக்கு நோக்கி நடந்தால் போதும்; காற்றே வழிகாட்டும். உப்பும் கருவாடும் கலந்த அந்தக் காற்று கடற்கரைச் சாலையை நெருங்க நெருங்கக் கனக்கிறது. சாலையின் இருமருங்கிலும் பழைய கிட்டங்கிகள் நிற்கின்றன. சரக்குகளைச் சேமித்துவைக்கும் பண்டகசாலையைத் தென்பாண்டி மக்கள் கிட்டங்கி என்பர். தடித்த சுண்ணாம்புச் சுவர்களும் அகன்ற மரக்கதவுகளும் கொண்ட அவற்றின் முன் சுமையுந்துகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன.

பழைய துறைமுகத்தில் தோணிகளில் சரக்கு ஏறுகிறது. வெங்காய மூட்டைகள், காய்கறிக் கூடைகள், சிமெண்டு, செங்கல், கருங்கல் சல்லி எனப் பலவும் தலைச்சுமையாகவும் பளுதூக்கி வழியாகவும் மரக்கலத்தின் வயிற்றுக்குள் இறங்குகின்றன. அவை செல்லும் இடம் மாலத்தீவு அல்லது இலட்சத்தீவு. பாய்மரத்துடன் பொறியும் பூட்டப்பட்ட இத்தோணிகள் சில நூறு டன் சரக்கைச் சுமக்க வல்லவை. அவற்றைக் கட்டுவோரும் ஓட்டுவோரும் பெரும்பாலும் இக்கடற்கரையினரே.

தோணி இங்கு வேரூன்றியதற்குக் கடலின் இயல்பே காரணம். தூத்துக்குடிக் கரையோரக் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் பல கிலோமீட்டர் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆள்களையும் சரக்குகளையும் சுமந்தவை தோணிகள்தாம். 1868 இல் நங்கூரத் துறைமுகமாக அமைந்த தூத்துக்குடி, நூறாண்டுக் காலம் இவ்வாறே இயங்கியது. 1876 இல் மணியாச்சியிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்ததும் கொழும்புக்குச் செல்லும் பயணியர் பலர் இத்தெருக்களின் வழியாகச் சென்றனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற எண்ணற்ற குடும்பங்கள் தாய்மண்ணை இறுதியாக மிதித்த இடங்களுள் இக்கரையும் ஒன்று. கடலில் ஆழமின்மை ஒரு குறைதான். ஆனால் அக்குறையே ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்தது என்பதை மறத்தலாகாது. கப்பல் நேரே கரையை அணைந்திருந்தால் தோணிக்காரருக்கும் சுமைதூக்குவோருக்கும் கிட்டங்கிக் கணக்கருக்கும் அத்தனை வேலை இருந்திராது.

சலாபம் கூடிய காலம்

இத்தெருக்களின் வரலாறு தோணிக்கு முன்பே முத்தில் தொடங்குகிறது. தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த பாண்டியரின் கொற்கைத் துறை முத்துக்குப் பெயர்பெற்றது. சங்கப் புலவர்கள் அதனைப் பாடினர். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் பயண நூலும் கொற்கை முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. ஆறு கொணர்ந்த வண்டல் கடலைப் பின்தள்ளியது. இன்று கொற்கை கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கும் சிற்றூர். கொற்கையின் இடத்தைப் பழையகாயலும் பின்னர்த் தூத்துக்குடியும் பெற்றன. துறைமுகம் இடம்பெயர்வது இக்கடற்கரைக்குப் புதிதன்று.

மன்னார் வளைகுடாவின் அடித்தரையில் முத்துச்சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுகளைப் பார் என்பர். முத்துக்குளிப்புப் பருவத்திற்குச் சலாபம் என்று பெயர். இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள சிலாபம், சிலாபத்துறை என்னும் ஊர்ப்பெயர்களை இச்சொல்லோடு தொடர்புபடுத்துவர். சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. பாரில் உள்ள சிப்பிகளை அரசின் அலுவலர்கள் எடுத்துப் பார்த்து, அவை முதிர்ந்துள்ளன என்று உறுதிசெய்த பின்னரே அறிவிப்பு வெளியாகும். சில வேளைகளில் அடுத்தடுத்த ஆண்டுகளில் சலாபம் கூடும். சில வேளைகளில் பத்து, இருபது ஆண்டுகள் ஒன்றுமே இராது. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து பாரை மூடிவிடும். திருக்கை மீன்கள் சிப்பிகளைத் தின்றுவிடும். சிப்பியின் வாழ்நாளும் சில ஆண்டுகளே. உரிய காலத்தில் எடுக்காவிடில் முத்தோடு மடிந்துபோகும்.

அறிவிப்பு வந்ததும் வெறுங்கடற்கரை ஒரு நகரமாகும். குளியாள்கள், படகுக்காரர், முத்து வணிகர், தரகர், கடைக்காரர், காவலர் எனப் பல்லாயிரவர் திரண்டனர். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் மரைக்காயர் வந்தனர். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாள்களும் வந்தனர். ஓலைக் குடிசைகள் தெருக்களாயின. சில வாரங்கள் கழித்துச் சலாபம் முடிந்ததும் அந்நகரம் மணலில் கரைந்து மறைந்தது.

படகுகளின் போக்குவரத்தைக் காற்றே வகுத்தது. மாசி, பங்குனித் திங்களில் இரவில் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று படகுகளைப் பாருக்குக் கொண்டு சேர்த்தது. பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று அவற்றைக் கரைக்குத் திருப்பியது. விடியலில் குளிப்புத் தொடங்கும், நண்பகலில் முடியும். ஒரு கல்லுக்குக் குளியாள் இருவர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். கனமான கல்லின் மீது காலூன்றி, இடுப்பில் வலைப்பையுடன் குளியாள் ஆழத்திற்கு இறங்குவார். படகிலிருப்பவர் கல்லை உடனே மேலே இழுத்துக்கொள்வார். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் எட்டிய மட்டும் சிப்பிகளைப் பறித்துப் பையில் நிரப்பிவிட்டுக் குளியாள் கயிற்றை அசைப்பார். அந்த அசைவை உணர்ந்து இழுப்பவரின் கையில்தான் அவர் உயிர் இருந்தது. ஆகவே கயிறு பிடிக்க உறவினரையே அமர்த்தும் வழக்கமும் இருந்தது. சுறாவை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி என்பார் கரையில் அமர்ந்திருந்தால்தான் பலர் நீரில் இறங்கினர். அவருக்கு அரசே ஊதியம் தந்தது! மந்திரத்தில் ஆங்கில அலுவலர்களுக்கு நம்பிக்கை இல்லை. அவர் இல்லாவிடில் ஒருவரும் குளிக்கமாட்டார் என்பதில் நம்பிக்கை இருந்தது.

கரைக்கு வந்த சிப்பிகள் கொட்டு என்னும் அடைப்பிடத்தில் பங்கிடப்பட்டன. ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இருபங்கு அரசுக்கு. எஞ்சிய ஒருபங்கு குளித்தோர்க்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்பட்டது. சிப்பியைத் திறந்து பார்த்து எவரும் வாங்க இயலாது. திறவாச் சிப்பிக்குள் ஆணிமுத்தும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாதும் போகலாம். வாங்கிய சிப்பிகளை வணிகர் பல நாள் அழுகவிட்டுக் கழுவினர். அந்த நாற்றத்தைக் குறிப்பிடாத பயணக் குறிப்புகள் குறைவு. கிடைத்த முத்துகளைச் சிறிதும் பெரிதுமான துளைகள் கொண்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து வகைப்படுத்தினர். உருண்டையும் ஒளியும் குறைவற அமைந்ததே ஆணிமுத்து. குறையற்ற ஒன்றை ஆணிமுத்து என்று போற்றும் தமிழ் வழக்குக்குப் பின்னால் அந்தப் பித்தளைத் தட்டுகள் இருக்கின்றன.

பேராசை இத்தொழிலைப் பெரிதும் கெடுத்தது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பகுதியில் 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டு அங்குள்ள பார்கள் ஒரு வணிக நிறுவனத்திற்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907 க்குப் பின் சிப்பிகள் கிடைக்கவில்லை. நிறுவனம் சில ஆண்டுகளில் கலைந்தது. இதற்கிடையில் சப்பானில் செயற்கையாக முத்து வளர்க்கும் முறை வெற்றிபெற்று, இயற்கை முத்தின் விலையைச் சரித்தது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நிகழ்ந்த சலாபங்களே இறுதியானவை.

சிப்பி முற்றிலும் மறைந்துவிடவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் 1973 இல் தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துச்சிப்பிக்குள் சிறு மணியும் சிப்பியின் மென்தோல் துண்டும் வைத்து வளர்ப்பு முத்தை உருவாக்கினர். சலாபம் நின்றபின் குளியாள்கள் சங்கை நாடினர். திரேஸ்புரத்துக் கரையிலிருந்து சங்குகுளிக்கச் செல்வோர் இன்றும் உள்ளனர். அவர்கள் எடுத்த சங்குகள் நெடுங்காலமாக வங்காளத்திற்குச் சென்று மணமகளிரின் வளையல்களாயின. ஒரு நிமிட மூச்சை நம்பி வாழ்ந்த தொழிலின் திறம் இவ்வாறு வேறொரு பொருளைத் தேடிக்கொண்டது.

பனிமய மாதாவும் தங்கத்தேரும்

கடற்கரைச் சாலையின் நடுநாயகமாக விளங்குவது பனிமய மாதா பேராலயம். முத்துக்காக நிகழ்ந்த போட்டியே போர்த்துக்கீசியரை இக்கரைக்குக் கொண்டுவந்தது. 1530 களில் பரதவர் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். 1542 இல் சவேரியார் இங்கு வந்தார். முத்துக்குளித்துறை என்று வழங்கிய இக்கடற்கரையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் தமிழை ஊன்றிக் கற்று, தம்பிரான் வணக்கம் என்னும் நூலை உருவாக்கினார். 1578 இல் கொல்லத்தில் அச்சான அந்நூலே இந்திய மொழி ஒன்றின் எழுத்துருவில் இந்தியாவில் அச்சான முதல் நூல். 1600 இல் மறைந்த அடிகளாரின் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. தமிழ் அச்சுக்கலையின் தொடக்கம் மீனும் முத்தும் விற்ற கடற்கரையோடு பிணைந்திருப்பது எண்ணத்தக்கது.

இப்போதுள்ள ஆலயம் 1713 இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுதோறும் சூலை 26 இல் கொடியேற்றத்துடன் தொடங்கும் திருவிழா ஆகத்து 5 வரை நடைபெறுகிறது. அந்நாள்களில் கடற்கரைச் சாலையில் வண்டிகள் நுழைய இயலாது. வளையல் கடைகள், பொரிகடலைக் கடைகள், இராட்டினங்கள், மிட்டாய்த் தட்டுகள் என இருமருங்கும் நிறைகின்றன. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் தூத்துக்குடியார் தீபாவளிக்கும் கிறித்துமசுக்கும் வராவிட்டாலும் மாதா திருவிழாவுக்கு வந்துசேர்வர். தங்கத்தேர் மட்டும் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. பரதவர் தலைவரான பாண்டியபதி ஒருவர் செய்தளித்த அத்தேர் 1806 இல் முதன்முதலில் ஓடியது. அவருக்குத் தேர்மாறன் என்ற பெயர் நிலைத்தது. சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே வெளிவரும் தேர், ஆலயத்தின் முந்நூறாம் ஆண்டான 2013 இலும் பின்னர் 2023 இலும் வடம்பிடித்து இழுக்கப்பட்டது. தேரிழுத்தல், கொடியேற்றம் ஆகியன தமிழ்நாட்டுக் கோயில் மரபுகள். அவை மாதாவுக்கும் உரியவையானதில் இவ்வூரார் எவருக்கும் வியப்பில்லை. இவர்கள் பேச்சில் தேவாலயமும் கோயில்தான்: மாதா கோயில், சின்னக்கோயில். சில தெருக்கள் தள்ளிச் சங்கரராமேசுவரர் கோயில் தேரும் ஓடுகிறது.

போர்த்துக்கீசியர் நூறாண்டுக்கு மேல் நிலைத்தனர். 1658 இல் டச்சுக்காரர் அவர்களை வெளியேற்றினர். 1825 இல் நகரம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றவை கட்டடங்களைவிடப் பெயர்களும் சொற்களுமே. பர்னாந்து, மோத்தா, ரொட்ரிகோ, கொறைரா, மச்சாது, மிராண்டா என்னும் குடும்பப் பெயர்கள் கடைப்பலகைகளில் மின்னுகின்றன. மேசை, அலமாரி, சன்னல், சாவி, பீப்பாய் ஆகியவற்றைத் தமிழர் அனைவரும் நாள்தோறும் வழங்குகின்றனர். ஏலம் என்னும் சொல்லும் போர்த்துக்கீசிய வரவே. முத்து ஏலத்திற்கு வந்த அச்சொல் இன்று மீன் ஏலத்தில் ஒலிக்கிறது.

பருத்தியும் கப்பலும்

கடற்கரையிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலை கிரேட் காட்டன் சாலை என்னும் பெயர் கொண்டது. கோவில்பட்டி, எட்டயபுரம் முதலிய கரிசல் ஊர்களில் விளைந்த பருத்தி மாட்டுவண்டிகளில் வந்து, இங்குப் பொதிகளாக அழுத்தப்பட்டு, தோணியேறிக் கப்பலை அடைந்தது. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் ஐரோப்பியச் சந்தைகளில் அது தனி மதிப்புப் பெற்றிருந்தது. ஆங்கிலேய நிறுவனத்தின் கோரல் ஆலை எழுந்தது. அதன் தொழிலாளர்கள் நீண்ட வேலைநேரத்தையும் குறைந்த கூலியையும் எதிர்த்து 1908 பிப்ரவரி 27 இல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஒருங்கிணைத்தவர்களுள் முதன்மையானவர் வ.உ.சிதம்பரனார். ஒன்பது நாள்களில் நிர்வாகம் இறங்கிவந்தது. நகர மக்கள் தொழிலாளர்க்கு உணவளித்தனர் என்பதைத் தனித்துக் குறிப்பிடவேண்டும். தெரு துணைநின்றதால்தான் ஆலைவாயிலில் வெற்றி கிட்டியது.

1906 அக்டோபரில் வ.உ.சி. பதிவுசெய்த சுதேசி நாவாய்ச் சங்கத்தின் வரலாறு மாணவர் அறிந்ததே. பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள். கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போன ஆங்கிலக் கப்பல் நிறுவனம். போட்டி எங்கே நடந்தது என்பதை இங்கு நின்று பார்க்கும்போதுதான் விளங்குகிறது. இரு நிறுவனங்களும் ஒரே துறையில், ஒரே தோணிக்காரர்களை நம்பி, ஒரே தெருவில் வந்திறங்கிய பயணியரைத் தம்பக்கம் அழைத்தன. இடையே ஒரு வேடிக்கையான ஒற்றுமையும் உண்டு. இந்நகரை ஒன்றரை நூற்றாண்டு ஆண்ட டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் முத்திரை எழுத்துகள் வி.ஓ.சி. அயலார் வணிகத்தை எதிர்த்த சிதம்பரனாரின் ஆங்கிலத் தலைப்பெழுத்துகளும் அவையே.

குடிநீர் வந்த கதை

கடல் முன்னே விரிந்திருக்க, நகரம் குடிநீருக்கு அலைந்தது. கிணறு தோண்டினால் உவர்நீர், மழையும் குறைவு. நகராட்சி 1866 இலேயே அமைந்துவிட்ட போதிலும் நீர்ச்சிக்கல் தீரவில்லை. நகராட்சித் தலைவராகப் பலமுறை பணியாற்றிய குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டுக்கு அருகே தாமிரபரணியிலிருந்து குழாய்கள் வழியே நீர் கொணரும் திட்டத்தை நிறைவேற்றினார். 1927 இல் ஆற்றுநீர் தூத்துக்குடித் தெருக்களை அடைந்தது. கொற்கையைக் கடலிலிருந்து பிரித்த அதே தாமிரபரணிதான் தூத்துக்குடியை வாழவைத்தது. மன்னர் எவர்க்கும் தராத மதிப்பை நகரத்தார் அவருக்குத் தருவதற்கு அந்தக் குழாய்நீரே காரணம்.

துறைமுகம் விலகியபோது

ஆழமற்ற துறையால் பெருகிவரும் வணிகத்தைத் தாங்க இயலவில்லை. நகருக்குத் தெற்கே முயல்தீவை ஒட்டிய பகுதியில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, ஆழ்கடல் துறைமுகம் கட்டப்பட்டது. 1974 சூலை 11 இல் அது இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011 இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. சரக்குப்பெட்டிகளும் நிலக்கரியும் இன்று அங்கே இறங்குகின்றன. பாரம்தூக்கிகள் சில நிமிடங்களில் செய்யும் பணிக்கு முன்பு நூறு பேர் தேவைப்பட்டனர்.

பழைய துறையைச் சுற்றியிருந்தோர்க்கு இது எளிய மாற்றமன்று. கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய தோணிக்கு வேலை இல்லாமற்போயிற்று. தோணி உரிமையாளர் பலர் தொழிலைக் கைவிட்டனர். நிலைத்தவர்கள் பெருங்கப்பல் செல்லாத சிறு தீவுகளைத் தேடிக்கொண்டனர். மாலத்தீவுப் பயணத்தின் கதை இதுவே. தோணியோடும் கடலோடும் வாழ்ந்த இம்மக்களின் வாழ்க்கையை ஜோ டி குரூஸ் தம் கொற்கை என்னும் புதினத்தில் விரித்துரைத்தார். 2013 இல் அந்நூல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

கடலும் மாற்றங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டன. அலைகளைத் தடுத்த பாறைகள் போனதால் தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கியது. வான்தீவு சுருங்கிவந்ததைக் கண்டு அதனைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. 1986 இல் இப்பகுதித் தீவுகள் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறை வெட்டுவது இன்று குற்றம்.

மாலையும் இரவும்

வெயில் தாழ்ந்ததும் தெருக்களின் முகம் மாறுகிறது. தருவை மைதானத்தில் சிறுவர்கள் பந்தாடுகின்றனர். தருவை என்பது மழைநீர் தேங்கும் அகன்ற நீர்நிலைக்கு இப்பகுதியில் வழங்கும் சொல். நீர் நின்ற இடத்தின் பெயர் விளையாட்டு மைதானத்திற்கு நிலைத்துவிட்டது. விடுதலைநாள், குடியரசுநாள் அணிவகுப்புகளும் அங்கேதான். ரோச் பூங்காவில் குடும்பங்கள் கடற்காற்று வாங்குகின்றன. அடுமனைகளின் கண்ணாடிப் பேழைகளில் கூம்பு வடிவ மக்ரூன்கள் அடுக்கப்பட்டுள்ளன. முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரிப்பருப்பும் மட்டுமே சேர்ந்த இனிப்பு அது. வெண்கருவை அடித்துச் செய்யும் முறை ஐரோப்பியருடையது. பாதாமுக்கு மாற்றான முந்திரி இந்நாட்டினது. முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த பயிர்தான் என்பதால், இந்த இனிப்பின் ஊரை வரையறுப்பது கடினம். வாயில் இட்டதும் கரையும் அதனை ஈரக்காற்று விரைவில் நமுக்கச் செய்துவிடும். எனவே காற்றுப்புகாமல் பொதிந்தே ஊருக்கு எடுத்துச்செல்வர்.

இருட்டியபின் பரோட்டாக் கடைகளின் கல் சூடேறுகிறது. இரவில் மட்டும் திறக்கும் இக்கடைகளைத் தூத்துக்குடியார் நைட் கிளப் என்பர். பெயரைக் கண்டு அஞ்சிய வெளியூர்ப் பெற்றோரும் உண்டாம்! துறைமுகத்திலும் ஆலையிலும் நள்ளிரவு வரை உழைத்தோர்க்குச் சூடாக உணவளிக்கத் தோன்றிய கடைகள் அவை. உழைப்பின் நேரம் மாறிய பின்னரும் கடைகளின் நேரம் மாறவில்லை.

சாலையோர மீன்பிடித் துறைமுகத்தில் மட்டும் இரவு முழுமையாக விழித்திருக்கிறது. தூத்துக்குடி விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்குவதில்லை. விடியலில் சென்று அன்றிரவே திரும்ப வேண்டும் என்பது இங்குள்ள நெறி. ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் மீன்பிடிக்கத் தடை. அக்காலத்தில் படகுகள் கரையில் வண்ணம் பெறுகின்றன, வலைகள் சீராகின்றன, பலர் வீட்டில் கடன்கள் ஏறுகின்றன. மற்ற நாள்களில் இரவு ஒன்பது மணியளவில் படகு விளக்குகள் வரிசையாகத் துறைக்குள் நுழைகின்றன. சீலா, பாறை, விளைமீன், ஊளி எனத் தரையில் குவியல்கள் எழுகின்றன. பனிக்கட்டி உடைபடும் ஓசைக்கு மேலாக ஏலம் கூறுவோரின் குரல் உயர்கிறது. கேரளத்திற்குச் செல்லும் வண்டிகள் பொறியை அணைக்காமல் காத்திருக்கின்றன. கூடை சுமக்கும் பெண்கள் சிறு குவியல்களுக்கு விலை பேசுகின்றனர். முத்துச்சிப்பியைப் போலன்றி மீனைக் கண்ணால் கண்டே வாங்கலாம். ஆயினும் அன்று எத்தனை குவியல் விழும் என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது.

நள்ளிரவுக்குப் பின் தரை கழுவப்படுகிறது. தேநீர்க் கடையில் அடுப்பு அணைவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் படகுகள் மீண்டும் புறப்பட வேண்டும். டீசல் கலன்களும் பனிக்கட்டிப் பெட்டிகளும் அதற்குள் ஏறியாக வேண்டும்.